ஒரே பெயர், இரண்டு வேகம்

லேப்டாப் பெட்டியின் மேல் ஒட்டிய அட்டையில் கொட்டை எழுத்தில் இருப்பது பெரும்பாலும் கிராபிக்ஸ் சில்லின் பெயர். கடையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு லேப்டாப்கள். ஒன்று மெல்லியது, இன்னொன்று தடிமன். இரண்டிலும் 'ஆர்டிஎக்ஸ் 4060' என்றே எழுதியிருக்கிறது. பெயர் ஒன்று என்றால் வேகமும் ஒன்றுதானே என்று வாங்குபவர் நினைப்பது இயல்பு. ஆனால் என்விடியா நிறுவனம் இந்தச் சில்லை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ள லேப்டாப் தயாரிப்பாளர்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது. உள்ளே இருப்பது அதே 3,072 கணக்குப் பிரிவுகள், அதே 8 ஜிபி நினைவகம். அவை எவ்வளவு மின்சாரம் குடிக்கலாம் என்பதுதான் பெட்டிக்குப் பெட்டி வேறுபடுகிறது.

அதே வரிசையின் உச்சியில் பெயர் இன்னும் தாராளமாக நடந்துகொள்கிறது. மேசைக் கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4090 கார்டில் 16,384 கணக்குப் பிரிவுகளும் 24 ஜிபி நினைவகமும் உண்டு. அது 450 வாட் வரை எடுக்கும். லேப்டாப்பில் அதே பெயரில் வந்ததில் 9,728 பிரிவுகள், 16 ஜிபி நினைவகம். சில்லே வேறு, பெயர் மட்டும் ஒன்று.

விளையாட்டுக்கும் படத் திருத்தத்துக்கும் சேர்த்து ஒரு லேப்டாப் வாங்கப் போகிறவர், ஒரே பெட்டியிடம் இரண்டு வெவ்வேறு வேலைகளை எதிர்பார்க்கிறார். விளையாட்டுக்கு நேரம் முக்கியம்: அடுத்த காட்சி சில மில்லிநொடிக்குள் திரைக்கு வந்தாக வேண்டும். படத் திருத்தத்துக்கு நிறம் முக்கியம்: திரையில் தெரியும் சிவப்பு, கோப்பில் இருக்கும் சிவப்பாகவே இருக்க வேண்டும். முதல் தேவையை முடிவுசெய்வது வெப்பம். இரண்டாவதை முடிவுசெய்வது திரையின் ஒளியியல். அட்டையில் இவ்விரண்டும் சின்ன எழுத்தில் கிடக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

வோல்ட்டின் வர்க்கம்

சில்லுக்குள் டிரான்சிஸ்டர்கள் மாறும் ஒவ்வொரு முறையும் நுண்ணிய மின்தேக்கம் ஒன்று நிரம்பிக் காலியாகிறது. ஒருமுறை நிரப்பிக் காலி செய்ய ஆகும் ஆற்றல், வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. நொடிக்கு எத்தனை முறை என்பதைத்தான் கிகாஹெர்ட்ஸ் என்கிறோம். வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் டிரான்சிஸ்டர் இன்னும் விரைந்து மாற வேண்டும். அதற்கு வோல்ட்டையும் உயர்த்த வேண்டும். வேகம் ஒரு பக்கம் ஏற, வோல்ட்டின் வர்க்கம் மறுபக்கம் ஏற, மின்செலவு ஏறக்குறைய வேகத்தின் மும்மடியாக ஏறுகிறது.

இதை 4060-க்குப் பொருத்திப் பார்க்கலாம். 115 வாட் என்பது 35 வாட்டைப் போல ஏறத்தாழ மூன்றேகால் மடங்கு. மும்மடிக் கணக்கில் அதன் கனமூலம் ஒன்றரை. ஏட்டுக் கணக்கின்படி, கொட்டை எழுத்தில் ஒரே பெயர் போட்ட இரண்டு லேப்டாப்களுக்கு இடையே ஒன்றரை மடங்கு வேக வித்தியாசம் ஒளிந்திருக்கலாம். ஒன்றில் நொடிக்கு 90 காட்சிகள் ஓடும் விளையாட்டு, இன்னொன்றில் 60-தான் ஓடும்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. மின்சாரத்தைப் பாதியாக்கினால் வேகம் பாதியாவதில்லை. ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது. லேப்டாப்பின் 'டர்போ' நிலையை விட்டு 'பேலன்ஸ்டு' நிலைக்கு மாற்றியதும் விசிறியின் இரைச்சல் சட்டென்று அடங்குகிறது, விளையாட்டோ அவ்வளவாக மந்தமாவதில்லை என்பதற்குக் காரணம் இதுதான். கடைசிச் சில காட்சிகளுக்காகத்தான் மிக அதிக மின்சாரம் செலவாகிறது.

வெப்பம் எப்போதும் இப்படிக் கழுத்தைப் பிடித்ததில்லை. 1974-இல் ஐபிஎம் ஆய்வாளர் ராபர்ட் டென்னார்டும் அவர் குழுவினரும் ஒரு விதியை எடுத்துச் சொன்னார்கள். டிரான்சிஸ்டரைச் சுருக்கும்போது அதன் வோல்ட்டையும் அதே விகிதத்தில் குறைக்கலாம். அப்படிச் செய்தால், அதே பரப்பில் கூடுதல் டிரான்சிஸ்டர்களைத் திணித்து வேகத்தைக் கூட்டினாலும் மொத்த வெப்பம் கூடாது. முப்பது ஆண்டுகள் கணினித் தொழில் இந்த விதியின் மேல் சவாரி செய்தது. பிறகு வோல்ட்டைக் குறைப்பதற்கு ஓர் அடிமட்டம் வந்தது: அதற்குக் கீழே போனால் டிரான்சிஸ்டர் அணைத்திருக்கும்போதும் மின்சாரம் கசியத் தொடங்குகிறது. 2004 அக்டோபரில் இன்டெல் தனது 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தைக் கைவிட்டது. ஒரே பிராசசரை மேலும் மேலும் விரட்டுவதற்குப் பதிலாகப் பல மையங்களை அடுக்கும் காலம் அதன் பின்னர்தான் முழுவீச்சில் தொடங்கியது.

பதினாறு மில்லிநொடிக்குள்

முழு எச்டி திரை ஒன்றில் 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 60 காட்சிகள் என்றால், நொடிக்கு 12 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளின் நிறத்தைக் கணக்கிட வேண்டும். ஒரு காட்சிக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிநொடி. 144 காட்சிகள் வேண்டுமானால் 6.9 மில்லிநொடி.

இவ்வளவு வேலையை முடிக்க முடிவதற்குக் காரணம், ஒவ்வொரு புள்ளியின் கணக்கும் பெரும்பாலும் பக்கத்துப் புள்ளிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே. கல்யாணப் பந்தியில் நூறு இலைக்குச் சோறு போடத் தலைமைச் சமையல்காரர் தேவையில்லை. வாளி ஏந்திய பத்துப் பேர் போதும். சாம்பாரில் உப்பு போதுமா என்று முடிவெடுக்க மட்டும் பத்துப் பேர் கூடிப் பயனில்லை. பிராசசர் சமையல்காரர், கிராபிக்ஸ் சில்லு பரிமாறும் கூட்டம். 1999-இல் ஜீஃபோர்ஸ் 256 கார்டை வெளியிட்டபோது 'ஜிபியு' என்ற பெயரை என்விடியா விளம்பரத்தில் ஓங்கி ஒலித்தது. அந்தக் கூட்டம் விளையாட்டைத் தாண்டி வேறு கணக்குகளுக்கும் பயன்படட்டும் என்று 2006-இல் அதே நிறுவனம் 'கூடா' என்ற நிரலாக்க முறையை அறிவித்தது.

படத் திருத்தம் இந்த இரண்டு வகை வேலைகளும் கலந்தது. வெளிச்சத்தைக் கூட்டுவது, வெள்ளைச் சமநிலையை மாற்றுவது எல்லாம் புள்ளிக்குப் புள்ளி தனித்தனியே நடக்கும் வேலை. கிராபிக்ஸ் சில்லுக்குத் தோதானது. படத் திருத்த மென்பொருளான லைட்ரூமுக்கு 2023 ஏப்ரலில் வந்த 'டீநாய்ஸ்' வசதி இன்னும் ஒரு படி மேலே போய், கிராபிக்ஸ் சில்லையே பெரிதும் நம்பியிருக்கிறது. இருட்டில் எடுத்த ஒரு படத்தின் மணல்மணலான இரைச்சலை நீக்க நல்ல சில்லு சில நொடிகள் எடுக்கும் இடத்தில், தனிக் கிராபிக்ஸ் இல்லாத பழைய லேப்டாப் நிமிடக்கணக்கில் எடுக்கும். ஆனால் மென்பொருளைத் திறப்பது, ஆயிரம் படங்கள் உள்ள பட்டியலில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது, பல அடுக்குகள் உள்ள கோப்பில் தூரிகையை இழுப்பது ஆகியவற்றில் பிராசசரின் ஒற்றை மைய வேகமே முன்னுக்கு நிற்கும்.

கூட்டத்தைப் பெருக்கினால் எவ்வளவு லாபம் என்பதற்கு 1967-இல் ஜீன் அம்டால் ஒரு வரம்பு சொன்னார். ஒரு வேலையில் ஐந்தில் ஒரு பங்கைப் பிரித்துக் கொடுக்க முடியாது என்றால், எத்தனை ஆயிரம் மையங்கள் சேர்ந்தாலும் மொத்த வேகம் ஐந்து மடங்குக்கு மேல் ஏறாது. படத் திருத்தத்துக்காக மட்டும் 4060-லிருந்து 4070-க்குத் தாவிச் செலவழிப்பவர்கள் அந்தப் பணத்தின் பலனைக் கண்ணால் காணாமல் போவது இதனால்தான். விளையாடுபவர்களுக்கு அது தெரியும். அங்கே பிரிக்க முடியாத பங்கு குறைவு.

38 டிகிரி அறை

115 வாட் என்றால் 115 வாட் வெப்பம். சில்லுக்குள் போன மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். ஒரு தபால்தலை அளவுப் பரப்பிலிருந்து அதை இறக்கி, விரல் தடிமன் பெட்டியின் விளிம்புக்குக் கொண்டுபோவது செப்புக் குழாய்களின் வேலை. மூடிய குழாயின் உள்ளே காற்றை அகற்றிவிட்டுச் சிறிதளவு நீரை வைத்திருப்பார்கள். அழுத்தம் குறைவு என்பதால் நீர் 100 டிகிரி வரை காத்திருக்காமலே ஆவியாகிறது. ஆவி குளிர்ந்த முனைக்கு ஓடித் தகடுகளில் வெப்பத்தைக் கொட்டிவிட்டு நீராகிறது. உள்சுவரில் பதித்த நுண்துளைப் படலம் அந்த நீரை உறிஞ்சித் திரும்பக் கொண்டுவருகிறது. 1963-இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் செய்து காட்டிய முறை இது. நீருக்கு ஆவியாக ஏராளமான வெப்பம் தேவை. அதனால் 100 வாட்டைக் கடத்த நொடிக்கு ஒரு கிராமில் இருபதில் ஒரு பங்கு நீர்கூட ஆவியாக வேண்டியதில்லை.

குழாய் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், இறுதியில் வெப்பம் அறைக் காற்றுக்குத்தான் போக வேண்டும். எவ்வளவு போகும் என்பது சில்லின் வெப்பநிலைக்கும் அறையின் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. இங்கேதான் இணையத்தில் பார்க்கும் சோதனை முடிவுகள் நம்மூருக்குப் பொருந்தாமல் போகின்றன. சில்லு 95 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பாவில் 20 டிகிரி அறையில் சோதித்தால் இடைவெளி 75 டிகிரி. மே மாதத்து மதுரையில் ஏசி இல்லாத 38 டிகிரி அறையில் அது 57 டிகிரி. அதே குழாய், அதே விசிறி, அதே இரைச்சல். வெளியேற்ற முடிந்த வெப்பத்தில் மட்டும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு காணாமல் போகிறது. முன்பு பார்த்த மும்மடிக் கணக்கில் போட்டால் வேகம் சுமார் 9 சதவீதம் குறையும். அதற்கு மேல் அடியில் உள்ள காற்றுத் துளைகளை மெத்தை அடைத்தாலோ, தகடுகளுக்கு இடையே ஒரு வருடத் தூசி அடைந்தாலோ இழப்பு இன்னும் கூடும்.

ஆகவே நம் ஊரில் தடிமன் என்பது குறையல்ல. மெல்லிய பெட்டியில் தகடுகளுக்கும் விசிறிக்கும் இடம் குறைவு. தயாரிப்பாளர் அதற்கேற்ப வாட்டைக் குறைத்திருப்பார். 2017-இல் என்விடியா அறிமுகப்படுத்திய 'மேக்ஸ்-க்யூ' என்ற பின்னொட்டு, குறைந்த வாட் சில்லுகளைப் பெயரிலேயே அடையாளம் காட்டியது. 2021-இல் லேப்டாப்களுக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 30 வரிசையோடு அந்தப் பின்னொட்டு பெயரிலிருந்து போய்விட்டது. இப்போது வாட் தெரிய வேண்டுமானால் தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் தேட வேண்டும். கடையில் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப் என்றால் என்விடியா கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் தகவல் பகுதியைத் திறந்தால் அதிகபட்ச கிராபிக்ஸ் மின்அளவு வாட்டில் தெரியும்.

பேட்டரியில் விளையாடலாம் என்ற கனவும் இங்கேயே கலைகிறது. விமானத்தில் தனி அனுமதியின்றிக் கொண்டுபோக 100 வாட்-மணிதான் வரம்பு என்பதால், பெரிய லேப்டாப்களின் பேட்டரியும் அதைத் தாண்டுவதில்லை. கிராபிக்ஸ், பிராசசர், திரை எல்லாம் சேர்ந்து 180 வாட் இழுத்தால் 90 வாட்-மணி பேட்டரி அரை மணி நேரம் தாங்கும். அத்தனை வேகத்தில் மின்கலத்தைக் காலி செய்வது அதன் ஆயுளுக்கும் நல்லதல்ல என்பதால், சார்ஜரைப் பிடுங்கியதும் லேப்டாப் தானாகவே வாட்டைக் குறைத்துவிடும்.

திரைக்குள் ஒரு முக்கோணம்

1920-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் டேவிட் ரைட் பத்துப் பேரையும் ஜான் கில்டு ஏழு பேரையும் வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பக்கம் ஏதோ ஒரு நிற ஒளி. மறுபக்கம் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று விளக்குகள். மூன்றையும் கூட்டிக் குறைத்து, இரண்டு பக்கமும் ஒரே நிறமாகத் தெரியும்படி செய்ய வேண்டும். இந்தப் பதினேழு பேரின் கண்களிலிருந்துதான் 1931-இல் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் மனிதர் காணக்கூடிய நிறங்களின் வரைபடத்தை வகுத்தது. குதிரை லாடம் போன்ற அந்த வடிவத்துக்குள், எந்தத் திரையும் தன்னுடைய மூன்று மூல நிறங்களை மூலைகளாகக் கொண்ட ஒரு முக்கோணத்தைத்தான் நிரப்ப முடியும். முக்கோணத்துக்கு வெளியே இருக்கும் நிறத்தை அந்தத் திரையால் எந்த அமைப்பை மாற்றினாலும் காட்ட முடியாது.

1996-இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி முக்கோணம்தான் இணையத்துக்கும் சாதாரணப் படங்களுக்கும் பொது அளவுகோல். அடோபி ஆர்ஜிபி 1998-இல் வந்தது. பச்சைப் பக்கம் அகன்றது, அச்சுக்குத் தோதானது. திரையரங்கு டிஜிட்டல் காட்சிக்காக வகுத்த பி3 சிவப்பிலும் பச்சையிலும் அகன்றது. இன்றைய நல்ல போன்களின் திரைகள் அதைப் பின்பற்றுகின்றன.

லேப்டாப் விவரப் பட்டியலில் '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று ஒரு வரி பார்த்திருப்பீர்கள். இது அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்காக 1953-இல் வகுத்த முக்கோணத்தோடு ஒப்பிட்ட கணக்கு. எஸ்ஆர்ஜிபி முக்கோணத்தின் பரப்பே அதில் 72 சதவீதம்தான். 45-ஐ 72-ஆல் வகுத்தால் எட்டில் ஐந்து பங்கு: இணையத்தின் பொது நிறங்களிலேயே எட்டில் மூன்று பங்கு இந்தத் திரைக்கு எட்டாது.

அந்தத் திரையில் ஒரு கல்யாண ஆல்பத்தைத் திருத்தும் புகைப்படக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். மணமகளின் அரக்குப் பட்டு திரையில் செங்கல் நிறமாக வெளிறித் தெரிகிறது. அவர் செறிவைக் கூட்டுகிறார். சேலை ஓரளவு உயிர் பெறுகிறது. கோப்பிலோ சிவப்பு அதன் எல்லைவரை ஏறிவிட்டது. பெண் வீட்டார் அதே படத்தை அகன்ற நிறத் திரை கொண்ட போனில் திறக்கும்போது சேலை ஒரே சிவப்புத் திட்டாக இருக்கிறது. மடிப்புகளும் ஜரிகையும் அதில் கரைந்துவிட்டன. கேமராவில் கோளாறில்லை, அவர் கண்ணிலும் கோளாறில்லை.

அகன்ற முக்கோணம் மட்டும் போதாது. மென்பொருள் நிற மேலாண்மை செய்யாவிட்டால், எஸ்ஆர்ஜிபி படத்தின் எண்கள் பி3 திரையில் அப்படியே நீட்டிப் போடப்பட்டு எல்லா முகமும் வெயிலில் காய்ந்தது போலச் சிவந்துவிடும். திரைக்கு எஸ்ஆர்ஜிபி நிலை ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். தொழில்முறை வேலை என்றால் நிற அளவி ஒன்றைத் திரையில் பொருத்தி, 6500 கெல்வின் வெண்மைக்கும் 2.2 காமாவுக்கும் சரிசெய்துகொள்வது அவசியம்.

திரையின் வகையில்தான் விளையாட்டும் படமும் நேருக்கு நேர் மோதுகின்றன. ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. கறுப்பு முழுக் கறுப்பு. நிறம் மாற ஒரு மில்லிநொடிகூட ஆகாது. வேகமான விளையாட்டில் வால் போன்ற நிழல் தொடராது. ஆனால் படத் திருத்த மென்பொருளின் கருவிப்பட்டை நாள் முழுவதும் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும். ஓஎல்இடியில் அப்படி நிற்கும் வடிவம் வருடக்கணக்கில் தழும்பாகப் பதியக்கூடும். ஐபிஎஸ் திரையில் அந்தக் கவலை இல்லை. அதற்குப் பதில் கறுப்பு சாம்பல் பூத்துத் தெரியும், மலிவான பலகைகளில் நிறம் மாறவே பத்து மில்லிநொடிக்கு மேல் ஆகும். அப்படிப்பட்ட திரைக்கு 144 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால், 6.9 மில்லிநொடிக்குள் மாற முடியாத புள்ளியை 6.9 மில்லிநொடிக்கு ஒருமுறை மாறச் சொல்கிறார்கள் என்று பொருள். ஹெர்ட்ஸைத் துரத்துவதிலும் லாபம் தேய்ந்துகொண்டே போகும்: 60-லிருந்து 144-க்குப் போனால் ஒரு காட்சிக்கு 9.7 மில்லிநொடி மிச்சம். 144-லிருந்து 240-க்குப் போனால் 2.8 மட்டுமே.

நினைவகத்தின் குறுகிய வாசல்

24 மெகாபிக்சல் படத்தைத் திறந்தால், புள்ளிக்கு மூன்று நிறம், நிறத்துக்கு இரண்டு பைட் என்று 144 எம்பி நினைவகம் போகும். பத்துப் பட அடுக்குகள் என்றால் ஒன்றரை ஜிபிக்குச் சற்றுக் குறைவு. பின்னோக்கிச் செல்வதற்காக மென்பொருள் சேமிக்கும் பழைய நிலைகள் தனி. 16 ஜிபி ரேம் ஆரம்பத்துக்குப் போதும். அகலப் படங்களை ஒட்டுபவர்களுக்கு 32 வேண்டும். ஒரே ஸ்டிக்காக வந்தால் விசாரியுங்கள்: டிடிஆர்5-5600 ஒரு ஸ்டிக் நொடிக்கு 44.8 ஜிபி கடத்தும், இரண்டு ஸ்டிக் 89.6. ஸ்லாட் காலியாக இருந்தால் பின்னால் போட்டுக்கொள்ளலாம். போர்டிலேயே பற்றவைத்திருந்தால் வாங்கும் அன்று எடுத்த முடிவே கடைசி முடிவு.

கிராபிக்ஸ் சில்லின் சொந்த நினைவகத்திலும் இதே வாசல் பிரச்சினை. 4060-இன் 8 ஜிபிக்குள் இருக்கும் தரவு நொடிக்கு 256 ஜிபி வேகத்தில் கைக்கு வரும். விளையாட்டின் மேற்பரப்புப் படங்கள் 8 ஜிபியைத் தாண்டினால், மிச்சம் ரேமிலிருந்து நொடிக்குச் சுமார் 16 ஜிபி வாசல் வழியாக வர வேண்டும். பதினாறு மடங்கு குறுகல். சீராக ஓடிய விளையாட்டு திடீரென்று திக்குவது பல நேரம் இதனால்தான். விளையாட்டின் அமைப்பில் 'டெக்ஸ்ச்சர்' தரத்தை ஒரு படி இறக்கினால் சரியாகிவிடும்.

எந்த வரிசையில் முடிவெடுப்பது

மாற்ற முடியாதவற்றை முதலில் பாருங்கள். திரை, கிராபிக்ஸ் சில்லு, அதன் வாட், வெப்பம் வெளியேறும் வழி ஆகிய நான்கும் லேப்டாப்பின் ஆயுள் முழுவதும் கூடவே வரும். எஸ்எஸ்டியையும், ஸ்லாட் இருந்தால் ரேமையும் பின்னால் கூட்டிக்கொள்ளலாம். படம்தான் பிழைப்பு, விளையாட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு என்றால், கிராபிக்ஸில் ஒரு படி இறங்கி அந்தப் பணத்தை எஸ்ஆர்ஜிபியை முழுதாக நிரப்பும் திரைக்கும் ரேமுக்கும் கொடுங்கள். விளையாட்டே முதன்மை என்றால், பெயரில் ஒரு படி கீழே இருந்தாலும் முழு வாட் கொடுக்கும் தடித்த பெட்டி, மேல் பெயரைத் தாங்கிய மெல்லிய பெட்டியோடு சரிக்குச் சரி நிற்கும். பல நேரம் விலையும் குறைவாக இருக்கும். படம் மட்டும் போதும் என்பவர்களுக்கு ஆப்பிளின் எம் வரிசைச் சில்லுகள் நல்ல வழி: குறைந்த வாட், பிராசசருக்கும் கிராபிக்ஸுக்கும் பொதுவான நினைவகம். புகழ்பெற்ற விளையாட்டுகள் பலவும் அங்கே வருவதில்லை என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

வாங்கிய பிறகு, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு சோதனை செய்துவிடுங்கள். சார்ஜரைச் சொருகி, நீங்கள் வழக்கமாக உட்காரும் அறையில், மதிய நேரத்தில், கனமான விளையாட்டு ஒன்றை அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஐந்தாவது நிமிடத்தில் கிராபிக்ஸ் சில்லின் வாட்டையும் கடிகார வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். முப்பதாவது நிமிடத்தில் மறுபடியும். இரண்டும் ஒட்டி வந்தால் கொடுத்த காசுக்கு முழுச் சில்லு கிடைத்திருக்கிறது. இரண்டாவது எண் வெகுவாகச் சரிந்திருந்தால் பெட்டியைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அதே பெயரில் இன்னும் கொஞ்சம் தடிமனானதைக் கேளுங்கள்.